ரோஸ்வூட்: ஒரு பெயருக்குள் பல மரங்கள்

நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசி முடிந்தால் அடுத்த பேச்சு தளபாடம். கட்டில் என்ன மரம், அலுமாரி என்ன மரம் என்று உம்மாமார் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தேக்கு, பலா, மஹோகனி, முதிரை என்ற பெயர்களோடு இடைக்கிடை "ரோஸ்வூட்" என்ற பெயரும் வரும். அந்தப் பெயரைச் சொல்லும்போது விற்பவரின் குரல் கொஞ்சம் தாழும், விலை கொஞ்சம் உயரும். அந்த மரம் எங்கே வளர்கிறது, அதன் இலை எப்படி இருக்கும், அதை வெட்டவும் விற்கவும் யாருக்கு அனுமதி உண்டு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இக்கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு இதில் தாவரவியல் இருக்கிறது. பெற்றோருக்கு இதில் பணம் இருக்கிறது. சட்டம் இருவருக்கும் பொது.

முதலில் பெயரைப் பார்ப்போம். மொனராகலை, பிபிலைப் பக்கம் வளரும் கருவாகையை எல்லோரும் அறிவோம். சிங்களத்தில் சூரிய மார என்பார்கள். ஆங்கில நூல்களில் இதற்கு "சிலோன் ரோஸ்வூட்" என்று பெயர். கரையோர ஊர்களில் நிழலுக்கு நிற்கும் பூவரசுக்கு "பசுபிக் ரோஸ்வூட்" என்று இன்னொரு பெயர் உண்டு. பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் சாலையோரத்தில் ஊதா நிறமாகப் பூத்துக் கொட்டும் ஜகரண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் போர்த்துக்கேய மொழி பேசுவோர் தங்கள் நாட்டு ரோஸ்வூட்டை "ஜகரண்டா" என்றே அழைக்கிறார்கள். ஆனால் நம் சாலையோர அழகு மரம் வேறு குடும்பம். அதன் பலகைக்கும் ரோஸ்வூட்டுக்கும் உறவே இல்லை.

கருவாகை அவரைக் குடும்பம், பூவரசு செம்பருத்திக் குடும்பம், சாலையோர ஜகரண்டா பிக்னோனியாக் குடும்பம். மூன்றும் ரோஸ்வூட் என்ற பெயரின் நிழலில் வந்து நிற்கின்றன. உலக வர்த்தகச் சட்டம் ரோஸ்வூட் என்று கட்டுப்படுத்தும் மரங்களில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. சந்தை மரத்தை அதன் செல்லப்பெயரால் அறியும்; சட்டம் அதன் விஞ்ஞானப் பெயரால் அறியும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் வாங்குபவர் ஏமாறுகிறார், காட்டு மரமும் களவு போகிறது.

சட்டம் கருதும் ரோஸ்வூட், டால்பேர்ஜியா என்ற சாதியைச் சேர்ந்தது. இதுவும் அவரைக் குடும்பம்தான். இச்சாதியில் ஏறத்தாழ 250 முதல் 300 வரையான இனங்கள் உள்ளன. சில பெருமரங்கள், சில செடிகள், பல கொடிகள். பிரேசிலின் டால்பேர்ஜியா நைக்ரா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாடுகளில் வளரும் டால்பேர்ஜியா கொச்சின்சைனென்சிஸ், மடகஸ்காரில் மட்டுமே வளரும் பல இனங்கள், வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வளரும் சிசு மரம் ஆகியவை பேர்பெற்றவை. தமிழருக்கு நெருக்கமானது டால்பேர்ஜியா லட்டிபோலியா. தமிழில் இதற்கு ஈட்டி, தோதகத்தி, நூக்கு என்று பல பெயர்கள். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளின் மரம் இது. இலங்கைக் காடுகளிலும் டால்பேர்ஜியாக்கள் உண்டு. அவற்றில் சில கொடிகள்; டால்பேர்ஜியா லன்சியோலாரியா மரமாக வளரும். புதிதாக வெட்டிய வைரத்தில் ரோஜாவை நினைவூட்டும் மணம் எழுவதால்தான் ரோஸ்வூட் என்ற பெயர் வந்தது. பூவுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

இனி அடையாளம் காண்பது. நிற்கும் மரத்தை அடையாளம் காண்பது எளிது. அறுத்த பலகையைக் காண்பது கடினம். சாயம் பூசி மெருகேற்றிய கட்டிலைக் காண்பது மிகக் கடினம்.

நிற்கும் மரத்தில் முதலில் இலையைப் பாருங்கள். டால்பேர்ஜியாவின் இலை கூட்டிலை. ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இருக்கும். ஆனால் அவை சோடி சோடியாக எதிரெதிரே அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி அமையும். காம்பின் நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று நிற்கும். ஈட்டி மரத்தில் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய வட்டம், நுனி மழுங்கியிருக்கும். சிசு மரத்தில் மூன்று முதல் ஐந்து. நுனி கூராக நீண்டிருக்கும். பூ சிறியது, வெண்மை கலந்தது, கொத்தாக வரும். காய் தட்டையானது, காகிதம்போல மெல்லியது. உள்ளே ஒன்றோ சிலவோ விதைகள். காய் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மற்ற மரங்கள் இங்கே பிரிந்துபோகும். பூவரசுக்குக் கூட்டிலையே கிடையாது. இதய வடிவில் ஒற்றை இலை, மஞ்சள் பூ. கருவாகைக்கு இரட்டைக் கூட்டிலை. அதாவது காம்பு கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் சோடியாக இருக்கும். பூ, நார் நாராக விரிந்த சிறு பஞ்சுருண்டைபோல, நல்ல மணத்தோடு இருக்கும். ஜகரண்டாவின் இலையும் இரட்டைக் கூட்டிலைதான். பன்னம் இலைபோல நுண்மையாக இருக்கும். அதன் காய் வட்டமாக, மரக்கட்டைபோலக் கெட்டியானது. நாம் குழப்பிக்கொள்ளக் கூடியது வேங்கை. சிங்களத்தில் கம்மாலு. இதன் சிற்றிலைகளும் மாறி மாறி அமையும், எண்ணிக்கையும் ஐந்து முதல் ஏழு. ஆனால் வேங்கையின் பூ மஞ்சள். காயைச் சுற்றி வட்டமாக ஒரு சிறகு இருக்கும். பட்டையைக் கீறினால் இரத்தம்போலச் சிவந்த பிசின் வடியும். ஊவாவின் தாழ்நிலப் புல்வெளிக் காடுகளில் தான்றி, கடுக்காய், நெல்லி மரங்களோடு சேர்ந்து நிற்பது இந்த வேங்கை.

அறுத்த பலகைக்கு வருவோம். ஈட்டியின் வைரம் கடும் கபிலம் முதல் ஊதா கலந்த கபிலம் வரை இருக்கும். அதில் கருங்கோடுகள் ஓடும். வெளிப்புற வெண்மரம் மஞ்சள் கலந்த வெண்மை. இரண்டுக்கும் எல்லை தெளிவாகத் தெரியும். மறைவான ஓரத்தில் உப்புத்தாளால் சற்றுத் தேய்த்தால் மணம் எழும். ஆனால் பழைய மரத்தில் மணம் குறைந்திருக்கும். மணம் இல்லை என்பதால் மட்டும் ரோஸ்வூட் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. "தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கருங்காலியும் செஞ்சந்தனமும் மூழ்கும். ஈட்டிப் பலகை உலர்ந்தால் பெரும்பாலும் மிதக்கும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று இருந்தால் இன்னொரு அடையாளத்தைக் காணலாம். பலகையின் அகன்ற முகத்தைச் சவரத் தகட்டால் மழமழப்பாகச் சீவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டால்பேர்ஜியாவில் குளத்து நீரில் மெல்லிய காற்று வீசினாற்போல, கிடையாக நெருங்கிய சிற்றலைக் கோடுகள் தெரியும். மரத்தின் கலங்கள் மாடி மாடியாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வருவது இது. வேங்கையிலும் செஞ்சந்தனத்திலும்கூட இது உண்டு. வாகை இனங்களில் இராது. ஆகவே சிற்றலை இருந்தால் "ஆக இருக்கலாம்" என்றும், இல்லாவிட்டால் "சந்தேகம்" என்றும் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேல் எழுதினால் அது விஞ்ஞானம் அல்ல.

வேங்கையைப் பிரித்தறிய ஓர் அழகான சோதனை இருக்கிறது. யுனானி, ஆயுர்வேத வைத்தியத்தில் நீரிழிவுக்காரருக்கு வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கக் கொடுப்பது வழக்கம். மருந்துப் பலன் பற்றி இங்கே பேசவில்லை. அதை வைத்தியரிடம் கேட்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலில் பிடித்தால் மஞ்சள் கபில நீரின் விளிம்பில் நீல ஒளி மினுங்கும். மரத்திலிருந்து கரைந்த சேர்வைகள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. பௌதிகவியலில் நாம் படிக்கும் ஒளிர்வு இதுதான். செஞ்சந்தனத்தின் சிவப்புச் சாயமோ குளிர்நீரில் அவ்வளவாகக் கரையாது, மதுசாரத்தில் நன்றாகக் கரையும். இப்படி உறவுக்கார மரங்களையும் வேதியியல் பிரித்துக் காட்டும். நீதிமன்றத்துக்கு இது போதாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வுகூடத்தில், மரச் சிராய் ஒன்றைத் திணிவு நிறமாலைமானியின் முன் பிடித்து அதன் இரசாயன முத்திரையைப் பார்த்து இனத்தைச் சொல்கிறார்கள்.

ஒரு பலகைக்கு இவ்வளவு பாடு எதற்கு? ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கை, 2005 முதல் 2014 வரை உலகில் கைப்பற்றப்பட்ட வனவுயிர்ப் பொருட்களைப் பெறுமதியால் வரிசைப்படுத்தியது. முதலிடம் யானைத் தந்தத்துக்கு இல்லை. 35 சதவீதத்தோடு ரோஸ்வூட்டுக்கே முதலிடம். சீனாவில் "ஹொங்மு" எனப்படும் செம்மரத் தளபாடத்துக்குப் பெரும் கிராக்கி. எந்தெந்த இனங்கள் ஹொங்மு ஆகும் என்று அந்நாடு 2000 ஆம் ஆண்டு ஒரு தரநிலையே வெளியிட்டு 33 இனங்களைப் பட்டியலிட்டது. 2017 இல் அது 29 ஆகத் திருத்தப்பட்டது. டால்பேர்ஜியாக்களோடு செஞ்சந்தனமும் அதில் உண்டு.

அந்தக் கிராக்கி கொழும்புத் துறைமுகம் வரை வந்தது. 2014 இல் நமது சுங்கத் திணைக்களம் 28 கொள்கலன்களைத் தடுத்து வைத்தது. உள்ளே மடகஸ்கார் ரோஸ்வூட் குற்றிகள் 3,600 க்கும் மேல், நிறை சுமார் 420 தொன். மடகஸ்கார் தன் ரோஸ்வூட் ஏற்றுமதியை 2010 இலேயே தடைசெய்திருந்தது. 2013 முதல் அந்நாட்டு டால்பேர்ஜியாவும் கருங்காலியும் சர்வதேசப் பட்டியலிலும் இருந்தன. அதே 2014 மார்ச்சில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 29,434 குற்றிகள் அகப்பட்டன. வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது. கீழே தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. சரக்கு சிங்கப்பூருக்குள் இறக்குமதி ஆகவில்லை, கடந்து செல்லவே வந்தது என்பது அதன் முடிவு. மரம் யாருடையது, எங்கே வெட்டியது என்ற கேள்வியைவிட, கொள்கலன் துறைமுகத்தில் எந்த நிலையில் நின்றது என்ற கேள்வியே வழக்கைத் தீர்மானித்தது. சட்டம் படிக்க விரும்பும் மாணவிகள் இவ்வழக்கைத் தேடி வாசிக்க வேண்டும்.

செஞ்சந்தனத்தின் கதை இன்னும் கசப்பானது. ஆந்திராவின் சேஷாசலம் மலைகளிலும் அதை அண்டிய குன்றுகளிலும் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. கடத்தப்பட்ட செஞ்சந்தனம் கொழும்புத் துறைமுகத்திலும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 ஆம் திகதி, அந்தக் காட்டில் 20 மரம்வெட்டிகளைப் பொலிஸார் சுட்டுக்கொன்றனர். இறந்தவர்கள் தமிழ்நாட்டு ஏழைக் கூலிகள். கொள்கலனை அனுப்புபவனின் பெயர் கடைசிவரை வெளியே வருவதில்லை. கோடரி பிடித்தவனின் பெயர்தான் முதலில் வரும்.

இந்த வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உடன்படிக்கை. 1973 மார்ச் 3 இல் வொஷிங்டனில் கைச்சாத்தாகி, 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இல் சேர்ந்தது. இங்கே அதற்குப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். யானை, சிறுத்தை பற்றிய உடன்படிக்கை என்றுதான் பலர் நினைக்கிறார்கள்; அதன் பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பான்மை தாவரங்களே. பட்டியலில் மூன்று பின்னிணைப்புகள் உள்ளன. முதலாவதில் உள்ளதை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லவே முடியாது. பிரேசில் ரோஸ்வூட் 1992 முதல் இதில் இருக்கிறது. இரண்டாவதில் உள்ளதை அனுமதிப்பத்திரத்தோடு வர்த்தகம் செய்யலாம். மூன்றாவது, ஒரு நாடு தன் இனத்தைக் காக்க மற்ற நாடுகளின் உதவியைக் கோருவது.

முன்பு ரோஸ்வூட்டில் ஒவ்வோர் இனமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஓர் இனத்தைச் சேர்த்தவுடன் வியாபாரி பக்கத்து இனத்தின் பெயரை எழுதிவிடுவான். அறுத்த பலகையைப் பார்த்துச் சுங்க உத்தியோகத்தரால் பிரிக்க முடியாது. ஆகவே 2016 இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் கூடிய மாநாடு, டால்பேர்ஜியாச் சாதி முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் வைத்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடையாளம் காண்பதில் உள்ள சிரமமே சட்டத்தின் வடிவத்தை மாற்றியது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தத் தாராளத்தில் சிரமப்பட்டவர்களும் உண்டு. கிற்றார், கிளாரினெட் போன்ற இசைக்கருவி வைத்திருந்தோர் எல்லைகளில் தடுமாறினார்கள். இந்தியாவின் சிசு மரக் கைவினைஞர்களின் ஏற்றுமதி சுருங்கியது. அடுத்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் நடந்தது. நம் நாட்டில் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய தீர்மானம் ஜெனீவாவில் எடுக்கப்பட்டது: முடிவுற்ற இசைக்கருவிகளுக்கும், ஒரு சரக்கில் பத்துக் கிலோ வரையான முடிவுற்ற மரப்பொருட்களுக்கும் விலக்கு. இலை, பூ, காய், விதைக்கும் கட்டுப்பாடு இல்லை. பிரேசில் ரோஸ்வூட்டுக்கு மட்டும் இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது.

ஆகவே மைசூருக்குச் சென்று திரும்பும் ஒருவர் சிறு ஈட்டி மரப் பெட்டியொன்றை வாங்கி வந்தால் சைட்டிஸ் பத்திரம் கேட்கப்பட மாட்டாது; கடைச் சிட்டையை மட்டும் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. அதே மரத்தின் அறுத்த பலகை ஒன்றைக் கொண்டுவர முயன்றால் நிலைமை வேறு. பலகை முடிவுற்ற பொருளல்ல, எவ்வளவு இலேசானாலும்.

சைட்டிஸ் எல்லை கடக்கும் மரத்தை மட்டுமே பார்க்கும். மலையில் நிற்கும் மரத்தை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் பார்க்க வேண்டும். அதற்கு நம் மலைநாட்டுக்கு உறவான இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கூடலூர்ப் பக்கம் இன்றும் மலையகப் பேச்சு கேட்கும். அந்தக் கூடலூர் ஈட்டி மரத்தின் ஊர். தேயிலை, கோப்பி நிலங்களுக்குள்ளேயே ஈட்டி மரங்கள் நிற்கின்றன. தனியார் நிலத்தில் நின்றாலும் வெட்டக்கூடாது என்று தமிழ்நாடு 1994 இல் ரோஸ்வூட் மரங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அது காலவரையறை கொண்டது. ஒருமுறை நீடிக்கப்பட்டு, 2025 பெப்ரவரியோடு காலாவதியானது.

கூடலூரை ஒட்டிய வயநாட்டில், முட்டில் என்ற ஊரில் நடந்தது இன்னொன்று. 2020 ஒக்டோபரில் கேரள வருவாய்த் துறை, விவசாயிகள் தங்கள் பட்டா நிலத்தில் வளர்ந்த மரங்களை வெட்டலாம் என்ற பொருளில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதைக் காட்டி, அரசுக்குரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த ஈட்டி மரங்கள் நூறுக்கு மேல் வெட்டப்பட்டன. நிலம் சிறு விவசாயிகளுடையதும் ஆதிவாசிகளுடையதும். "அனுமதி இருக்கிறது" என்று வியாபாரிகள் சொன்னதை நம்பி அவர்கள் சொற்பத் தொகைக்கு மரத்தைக் கொடுத்தார்கள். உத்தரவு 2021 பெப்ரவரியில் மீளப்பெறப்பட்டது. பிடிபட்ட குற்றிகளும் நிலத்தில் எஞ்சிய அடிக்கட்டைகளும் ஒன்றே என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மரபணுச் சோதனையால் காட்டியது. முந்நூறு ஆண்டுகளைக் கடந்த மரங்களும் அவற்றில் இருந்தன. நிலத்துக்காரரிடம் யாரும் பத்திரத்தை வாசித்துக் காட்டவில்லை.

நம் பக்கம் என்ன நிலை? தோட்டங்களில் அதிகம் நிற்பவை சவுக்கு என்று நாம் சொல்லும் கிரவிலியா, யூக்கலிப்டஸ், டர்பன்டைன் போன்ற நட்ட மரங்கள். அவை ரோஸ்வூட் அல்ல. ஆனாலும் தோட்டத்து மரம் தோட்டத்துக்குரியது. அரச காட்டு மரம் 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் உட்பட்டது. சொந்தக் காணியில் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டக்கூட 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்வதற்குத் தனி அனுமதிப்பத்திரம். சில மரங்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதால் மாவட்ட வன அலுவலகத்தில் அன்றன்றைக்குக் கேட்பதே சரி. கூலிக்கு லொறியில் குற்றி ஏற்றப்போகும் நம் பிள்ளைகள், ஏற்றுமுன் பத்திரம் எங்கே என்று கேட்கப் பழக வேண்டும். பத்திரத்தில் மரத்தின் பெயரும் துண்டுகளின் எண்ணிக்கையும் இருக்கும். லொறியில் இருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு மரம் பெயருக்காக அழிந்த வரலாறு உண்டு. சிங்களத்தில் களுமெதிரிய என்னும் கலமந்தர், கருங்காலியின் உறவு. உலகில் இலங்கையில் மட்டுமே உள்ளது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதன் வரிப்பலகைக்கு மயங்கி அலுமாரி, மேசை செய்தார்கள். 1859 இல் வெளிவந்த தன் இலங்கை நூலிலேயே எமர்சன் டெனன்ட் அது கிடைப்பதற்கு அரிதாகிவிட்டதை எழுதிவிட்டார். இன்று அந்த மேசைகளை அரும்பொருட் சாலையில் பார்க்கலாம். மரத்தைக் காட்டில் காண்பது அபூர்வம்.

வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இன்னொரு சொல். நம் வீடுகளில் ஊது புகைப்போம். அகில் மணம் தரும் மரம் ஈரவலயக் காடுகளிலும் இருக்கிறது, சிங்களத்தில் வல்லாபட்டா. ரோஸ்வூட்டைப்போலவே இதுவும் சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. இதன் துண்டுகளைப் பயணப்பொதியில் வைத்துக் கட்டுநாயக்கவில் அகப்பட்டவர்கள் பலர். "ஒரு சின்னப் பொதி, அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம்.

தளபாடம் வாங்கும் உம்மா, வாப்பாமாருக்கு என் யோசனை எளியது. விற்பவர் ரோஸ்வூட் என்றால், எந்த ரோஸ்வூட் என்று கேளுங்கள். சூரிய மார என்று சொன்னால் அது நல்ல மரம்தான், ஆனால் சூரிய மார விலையைக் கொடுங்கள். இறக்குமதி ஈட்டி என்று சொன்னால் இறக்குமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் "ரோஸ்வூட்" என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல் மரத்தின் முழுப்பெயரை எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காமல் வருவதே மேல். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியும். மெருகுக்கு அடியில் இருக்கும் மரமும் அப்படியொரு விடயம்தான். கேட்பது வாங்குபவரின் உரிமை, மரியாதைக் குறைவல்ல.

தாவரவியல் மாணவிகளுக்கு ஒரு செயன்முறை. அடுத்த விடுமுறையில் கருவாகை, பூவரசு, ஜகரண்டா, வேங்கை, கிரவிலியா ஆகிய ஐந்தின் இலைகளைச் சேர்த்து உலர்தாவரத் தொகுப்பு ஒன்று செய்யுங்கள். இலையைப் பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரமேற்றி, இரண்டு நாளுக்கொருமுறை தாளை மாற்றுங்கள். ஒவ்வொரு தாளிலும் இடம், திகதி, தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், விஞ்ஞானப் பெயர், சிற்றிலைகள் எதிரெதிரா மாறி மாறியா என்பதை எழுதுங்கள். காய் கிடைத்தால் சிறு உறையில் இட்டு அதே தாளில் ஒட்டுங்கள். வீட்டுத் தோட்டத்திலும் சாலையோரத்திலும் கிடைப்பதை மட்டும் எடுங்கள். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் போய் இலை பறிக்கவும் அனுமதி வேண்டும்.